நாளுக்கு ஓர் ஏடு: நாற்பதுக்கு மேல் தல்மூத் படிக்கத் தொடங்குவது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டிய ஒருவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் சமயப் பள்ளிக்குப் போனவர் இல்லை. எபிரேயம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் எல்லாம் உண்டு. தினமும் ஓர் ஏடு என்று, யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூத் முழுவதையும் படித்துவிடலாமா என்று யோசிக்கிறார். நடக்குமா, எப்படித் தொடங்குவது, ஏழரை ஆண்டு செலவழித்தால் என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்.

நடக்கும். ரபிகள் என்ற யூத சமய குருமார் மட்டுமல்ல, கடைக்காரர்கள், கணக்காளர்கள், மருத்துவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் முடித்திருக்கிறார்கள். ஆனால் தல்மூதில் புலமை வருமா என்று கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நாளுக்கு ஓர் ஏடு என்ற வேகத்தில் யாருக்கும் புலமை வராது. இந்தத் திட்டத்தில் சேருகிறவர் தன் நாளில் ஒரு மணி நேரத்தை எழுதிக் கொடுக்கிறார். புரிந்தாலும் புரியாவிட்டாலும் அந்த நேரம் அந்தப் புத்தகத்துக்கு. இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர் முடிப்பார். "எல்லாம் புரிந்தால்தான் அடுத்த பக்கம்" என்பவர் நூறு ஏடு தாண்ட மாட்டார்.

ஏழரை என்றதும் நம் ஆட்களுக்குச் சனீஸ்வரன் நினைவு வருவார். சரியான கணக்கு ஏழு ஆண்டு, ஐந்து மாதம். மொத்தம் 2,711 ஏடுகள், ஓர் ஏட்டுக்கு இரண்டு பக்கம், நாளுக்கு ஓர் ஏடு, விடுமுறை கிடையாது. ஓய்வுநாளிலும் உண்டு, பண்டிகையிலும் உண்டு. எருசலேம் ஆலயம் இடிந்ததற்காக உண்ணாநோன்பு இருக்கும் ஆவ் மாதம் ஒன்பதாம் நாளில், துக்கத்தைப் பற்றிய பகுதிகளைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்பது வழக்கம். அன்றைக்கும் நாட்காட்டி ஓர் ஏடு நகர்ந்துவிடும்.

இந்தத் திட்டத்துக்கு தஃப் யோமி என்று பெயர். தொன்மையான சடங்கு மாதிரித் தெரிந்தாலும் வயது நூறு சொச்சம்தான். 1923 ஆகஸ்டில் வியன்னாவில், மரபான யூதர்களின் அகுதாத் இஸ்ராயேல் அமைப்பின் முதல் உலக மாநாடு நடந்தது. போலந்திலிருந்து வந்த மெயிர் ஷபீரோ என்ற ரபி, அப்போது வயது 36, போலந்து நாடாளுமன்ற உறுப்பினரும்கூட, எழுந்து இந்த யோசனையைச் சொன்னார். உலகத்தில் எங்கிருந்தாலும் எல்லா யூதர்களும் ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படிக்க வேண்டும். ஒருவர் கையில் ஒரு தொகுதியோடு கப்பலேறி இரண்டு வாரம் பயணம் செய்து நியூயார்க்கில் இறங்கினால், அங்கே முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் அன்றைக்கு அவர் விட்ட அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவர் காட்டிய சித்திரம். இன்னொரு காரணமும் சொன்னார், எனக்கு அதுதான் கூர்மையாகப் படுகிறது. எல்லாரும் வழக்கமான சில தொகுதிகளையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள், பலியிடும் முறை போன்ற தொகுதிகளைத் தொடுவார் இல்லை என்றார். அந்த ஆண்டின் யூதப் புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று வந்தது. அன்றே முதல் ஏடு.

ஷபீரோ 1930-இல் போலந்தின் லூப்ளினில் பெரிய கல்விக்கூடம் ஒன்றைத் திறந்தார். 1933-இல், 46 வயதில், இறந்துவிட்டார். அவர் தொடங்கிய வாசிப்பின் மூன்றாவது சுற்று 1938 ஜூனில் தொடங்கி 1945 நவம்பரில் முடிந்தது. லூப்ளினில் அந்தச் சுற்றைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் அதன் கடைசி ஏட்டைப் பார்த்திருப்பார்கள் என்பதை அந்த இரண்டு ஆண்டு எண்களே சொல்லும். இன்று நடப்பது பதின்மூன்றாவது சுற்று, 2020 ஜனவரி 5 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய சுற்று முடிந்ததைக் கொண்டாட நியூ ஜெர்சியின் மெட்லைஃப் விளையாட்டரங்கில் ஜனவரிக் குளிரில் ஏறத்தாழ 90,000 பேர் கூடினார்கள்.

சரி, அந்த ஏட்டில் என்னதான் இருக்கிறது?

ஏறத்தாழ கி.பி. 200-இல் கலிலேயாவில் ரபி யெஹூதா ஹநாசி தொகுத்த சட்ட நூல் மிஷ்னா. எபிரேயத்தில் இருக்கும், சுருக்கமாக இருக்கும். அதன் மேல் பாபிலோனில், அதாவது இன்றைய ஈராக்கில், சூரா, பும்பெதிதா போன்ற ஊர்களின் கல்விக்கூடங்களில் சுமார் 300 ஆண்டுகள் நடந்த விவாதம் கெமாரா. இது பெரும்பாலும் அரமேய மொழி. இரண்டும் சேர்ந்தது பாபிலோனியத் தல்மூத். விவசாயம், பண்டிகை, திருமணம், இழப்பீடு, பலி, தீட்டு என்று ஆறு பிரிவுகள். கெமாரா உள்ள தொகுதிகள் 37.

அச்சிட்ட ஏட்டைத் திறந்தால் நடுவில் மூலம். உள்பக்கத்தில் ராஷியின் உரை. அவர் 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்தவர். வெளிப்பக்கத்தில் தோசஃபோத் என்ற குறிப்புகள். எழுதியவர்கள் ராஷியின் பேரன்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் இல்லாமல் பழைய நூலுக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்று அறிந்த நமக்கு ராஷியின் தேவை உடனே புரியும். இங்கே கூடுதல் என்னவென்றால், பேரன்கள் அதே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தாத்தாவை மறுக்கிறார்கள். மறுக்கத் தயங்குவதே இல்லை.

எந்த வரி எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்பதை நிலைநிறுத்தியது வெனிஸ் நகரில் 1520-களின் தொடக்கத்தில் வெளிவந்த முழுப் பதிப்பு. வெளியிட்ட தானியேல் பொம்பெர்க் ஒரு கிறித்தவர். 1880-களில் வில்னாவில் (இன்றைய லிதுவேனியா) ரோம் என்ற பெயருள்ள அச்சகக் குடும்பம் அச்சிட்ட பதிப்பும் அதே பக்க எண்களைக் காப்பாற்றியது. எல்லார் கையிலும் ஒரே பக்க எண் இருந்ததால்தான் ஷபீரோவால் "நாளைக்கு இந்த ஏடு" என்று சொல்ல முடிந்தது. போகிற போக்கில் ஒன்று: ஏறக்குறைய எந்தத் தொகுதியைத் திறந்தாலும் அது இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும். ஒன்றாம் ஏடு என்பதே கிடையாது.

முதல் தொகுதி பெராகோத், 64-ஆம் ஏட்டில் முடியும். அதன் முதல் வரி, தினமும் ஓதும் 'ஷெமா' என்ற பிரார்த்தனை பற்றியது: மாலை வேளையில் 'ஷெமா' ஓதுவது எந்நேரத்திலிருந்து? பதில்: ஆசாரியர்கள் தங்களுக்குரிய காணிக்கை உணவை உண்ண வீட்டுக்குள் போகும் நேரத்திலிருந்து. எந்த ஆசாரியர்கள்? என்ன காணிக்கை? ஷெமாவை ஓத வேண்டும் என்று யார் சொன்னது? எதையும் விளக்காமல் நூல் தொடங்கிவிடுகிறது. எதுவரை ஓதலாம் என்பதில் உடனே மூன்று கருத்துகள்: இரவின் முதல் சாமம் முடியும்வரை, நள்ளிரவுவரை, விடியும்வரை. மூன்றாவதைச் சொன்னவர் ரபான் கமாலியேல். அவருடைய பையன்கள் விருந்துக்குப் போய்விட்டு நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்பி, "நாங்கள் இன்னும் ஓதவில்லை" என்கிறார்கள். "விடியவில்லையென்றால் ஓதுங்கள்" என்கிறார். இவ்வளவும் மிஷ்னாவின் சில வரிகள். கெமாரா வந்ததும் முதலில் கேட்பதே, "இந்த ஆள் எங்கே நின்றுகொண்டு 'எந்நேரத்திலிருந்து' என்று கேட்கிறார்?" என்பதுதான். அதாவது, கடமை என்ற ஒன்று இருக்கிறது என்று சொல்லாமலே நேரத்தைப் பற்றிக் கேட்பது என்ன நியாயம், காலையை விட்டுவிட்டு மாலையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

முதல் நாள் வாசகருக்குத் தோன்றும் அதே குழப்பத்தைக் கெமாராவும் எழுப்புகிறது என்பதை நான் யாருக்கும் முதலில் சுட்டிக்காட்டுவேன். பாதியில் உள்ளே நுழைந்துவிட்டோமோ என்ற உணர்வு வாசகரின் குறை இல்லை, நூலின் அமைப்பே அப்படி. ஒவ்வொரு ஏடும் மற்ற எல்லா ஏடுகளும் தெரிந்தவரை நினைத்துக்கொண்டு பேசுகிறது. அதனால் முதல் சுற்றில் எல்லாருமே தாமதமாக வந்தவர்கள்தான், பத்து வயதில் தொடங்கியவரும்.

நாற்பது வயதில் தொடங்குகிறவருக்கு எல்லாரும் சொல்லும் கதை ரபி அகீவாவுடையது. நாற்பது வயதுவரை எழுத்தறியாதவர். ஒரு கிணற்றடியில் கல் குழிந்திருப்பதைப் பார்த்து, சொட்டுச் சொட்டாக விழும் நீர்தான் அதைக் குடைந்தது என்று கேட்டறிந்து, படிக்கப் போனார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். எழுத்துப் பலகையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையைப் பையன் பிடித்தான். அழகான கதைதான். ஆனால் அதே அகீவா மனைவியை விட்டுப் பிரிந்து பன்னிரண்டு ஆண்டும், அப்புறம் இன்னொரு பன்னிரண்டு ஆண்டும் படிக்கப் போனார் என்று கெதுபோத் தொகுதி சொல்கிறது. உற்சாகப்படுத்துகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கெதுபோத்தின் அதே பகுதியில் ரவ் ரெஹூமி என்ற ஒருவர் வருகிறார். மஹோசா ஊரில் ராவாவிடம் படித்துக்கொண்டிருந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை, யோம் கிப்பூர் என்ற பெருநோன்புக்கு முந்தைய நாள், வீட்டுக்குப் போவார். ஒரு வருடம் பாடத்தில் மூழ்கிப் போக மறந்துவிட்டார். மனைவி வழி பார்த்துக்கொண்டே இருந்தாள். இதோ வருவார், இதோ வருவார் என்று இருந்து, வரவில்லை என்றானதும் அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது. அந்நேரம் அவர் ஒரு கூரைமேல் உட்கார்ந்திருந்தார். கூரை இடிந்து விழுந்து செத்துப்போனார். படிப்பைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நூலே இந்தக் கதையைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. எனவே தொடங்க நினைப்பவருக்கு என் முதல் ஆலோசனை: வீட்டில் பேசுங்கள். இது உங்கள் நேரத்தை மட்டும் எடுக்கும் காரியம் இல்லை. குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தில் வகுப்பை வைத்துக்கொண்டு அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

மொழித் தடை இன்று பெரும்பாலும் உடைந்துவிட்டது. மூலத்தில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, ஒரு வாக்கியம் கேள்வியா பதிலா என்பதே தெரியாது. அரமேயம் தெரியாதவர் ஆசிரியர் இல்லாமல் இதற்குள் நுழையவே முடியாது என்றுதான் பல நூற்றாண்டுகள் இருந்தது. ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் 1965-இல் எபிரேய உரையோடு கூடிய தன் பதிப்பைத் தொடங்கி 2010-இல் முடித்தார். 45 ஆண்டு, ஒரு மனிதர். ஆர்ட்ஸ்க்ரோல் நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு 1990-இல் தொடங்கி 2005-இல் 73 தொகுதிகளாக நிறைவுற்றது. 2017-லிருந்து ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில, எபிரேயப் பதிப்புகள் செஃபாரியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. செல்பேசியில் திறந்தால் அன்றைய ஏடு தயாராக இருக்கும். ஆங்கில வழியில் படிப்பவருக்கு ஆர்ட்ஸ்க்ரோலின் அடிக்குறிப்புகள் அதிகம் உதவும் என்பது என் கருத்து. ஸ்டைன்சால்ட்ஸ் வேகமாக ஓடும், புரிந்ததுபோல ஒரு மயக்கத்தையும் தரும். எதை எடுத்தாலும் தினமும் நாலு வரியாவது மூலத்தில் விரல் வைத்துப் படியுங்கள். 'கேள்', 'வா', 'எங்கிருந்து தெரியும்', 'வேண்டுமென்றால் இப்படிச் சொல்' என்று கெமாராவின் விவாத வாய்பாடுகள் அளவில் குறைவு, திரும்பத் திரும்ப வருகிறவை. ஓராண்டில் அவை பழகிவிடும், அதன்பின் மொழிபெயர்ப்பு இல்லாமலே யார் தாக்குகிறார், யார் தடுக்கிறார் என்று பிடிபடும்.

நேரம்: வகுப்பு என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. தொழுகைக்கூடங்களில் விடிகாலைத் தொழுகைக்கு முன்னோ பின்னோ நடக்கும். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு பெட்டியிலேயே பல ஆண்டுகள் வகுப்பு நடந்திருக்கிறது. ஒலிப்பதிவுகளும் ஏராளம். எந்த வேளை என்பது பெரிதில்லை, வேளை மாறாமல் இருப்பது பெரிது. ஷப்பாத் தொகுதியின் 31-ஆம் ஏட்டில் ராவா ஒரு பட்டியல் தருகிறார், இறந்தபின் தீர்ப்புக்கு நிற்கும் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகள். முதலாவது: கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா? இரண்டாவது: தோராவுக்கு, அதாவது வேதப் படிப்புக்கு, நேரம் குறித்து வைத்தாயா? எவ்வளவு படித்தாய் என்று அந்தப் பட்டியலில் கேட்கவில்லை. வியாபாரத்துக்கு அடுத்து நேரத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்பது வேலைக்குப் போகிறவருக்காகவே எழுதியதுபோல இருக்கிறது.

தவறவிட்ட நாட்களை என்ன செய்வது? இங்கேதான் பலரும் கவிழ்கிறார்கள். காய்ச்சலில் நாலு நாள் போகும், ஒரு திருமணத்தில் மூன்று நாள் போகும். பாக்கி பதினைந்து ஏடு ஆனதும் மனசுக்குள் கடன்காரனைப் பார்த்த மாதிரி ஆகி, புத்தகத்தைப் பார்க்கவே பிடிக்காது. நான் சொல்வது: இன்றைய ஏட்டுக்குத் தாவிவிடுங்கள். விட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், ஓய்வுநாள் பிற்பகல்களில் ஒவ்வொன்றாக அடையுங்கள், அடையாவிட்டாலும் போகட்டும். கறாரானவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒன்றுவிடாமல் படித்தால்தான் முடித்ததாகும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தத் திட்டத்தின் உயிரே உலகம் முழுக்க ஒரே ஏட்டில் இருப்பது என்பதால், பதினைந்து நாள் பின்தங்கித் தனியாக நடப்பதைவிட ஓட்டை விழுந்த வரிசையோடு கூட்டத்தில் இருப்பது நல்லது என்பேன்.

அடுத்தது துணை. யூத மரபில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்துச் சண்டை போடும் முறைக்கு ஹவ்ரூதா என்று பெயர். ஏன் அது வேண்டும் என்பதற்கு பாவா மெசியா 84-ஆம் ஏட்டைவிட நல்ல விடை கிடையாது. ரெஷ் லாகிஷ் ஒரு கொள்ளைக்காரர். யோர்தான் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த ரபி யோஹனானைப் பார்த்து ஆற்றில் குதிக்கிறார். உன் பலத்தைத் தோராவுக்குக் கொடு, என் தங்கையைக் கட்டித் தருகிறேன் என்று யோஹனான் அவரைப் படிப்புக்கு இழுத்து வருகிறார். கொள்ளைக்காரர் பெரிய அறிஞர் ஆகிறார், இருவரும் வாதத் துணைவர்கள் ஆகிறார்கள். ஒருநாள் கல்விக்கூடத்தில் ஒரு சர்ச்சை: வாள், கத்தி, ஈட்டி இவை செய்து முடிந்தவையாக, அதாவது தீட்டு ஏற்கும் நிலைக்கு வந்தவையாக, எப்போது ஆகின்றன? உலையில் வாட்டியதும் என்கிறார் யோஹனான். தண்ணீரில் தோய்த்ததும் என்கிறார் ரெஷ் லாகிஷ். "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா" என்று யோஹனான் வாய்விட்டுவிடுகிறார். அந்தச் சொல் இருவரையும் உடைத்தது. ரெஷ் லாகிஷ் நோயில் விழுந்தார். தங்கை வந்து அழுது கெஞ்சியும் யோஹனான் இளகவில்லை. ரெஷ் லாகிஷ் இறந்துபோனார்.

அதன்பின் யோஹனான் துக்கத்தில் கரைகிறார். அவரைத் தேற்ற ரபி எலியாசர் பென் பெதாத் என்ற கூர்மையான அறிஞரை அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர், "உங்கள் கருத்துக்கு ஆதரவாக ஒரு பழைய வாக்கியம் இருக்கிறது" என்கிறார். யோஹனான் வெடிக்கிறார்: லாகிஷின் மகன் (ரெஷ் லாகிஷைத்தான் சொல்கிறார்) நான் சொல்வதற்கெல்லாம் இருபத்துநாலு மறுப்பு சொல்வான், நான் இருபத்துநாலு பதில் சொல்வேன், அப்படித்தான் பொருள் விரிந்தது; நீயோ நான் சொல்வது சரி என்கிறாய், நான் சரியாகச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? உடையைக் கிழித்துக்கொண்டு, "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்" என்று அலைந்து புத்தி பேதலித்து இறந்தார். ஆகவே துணை தேடும்போது உங்களைவிட அதிகம் தெரிந்தவரைத்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. தலையாட்டாதவராக இருந்தால் போதும். வாரம் இருமுறை தொலைபேசியில் அரை மணி பேசக்கூடியவர் கிடைத்தாலும் லாபம்.

வறண்ட இடங்களைப் பற்றிச் சொல்லாமல் ஆள் பிடிப்பது மோசடி. பெராகோத் கதைகள் நிறைந்தது, எல்லாரும் துள்ளிக்கொண்டு படிப்பார்கள். ஷப்பாத் நீளமானது என்றாலும் தாங்கும். அப்புறம் வரும் எருவீன் 105-ஆம் ஏடுவரை நீளும்: முற்றம், சந்து, உத்திரம், ஓய்வுநாளில் எந்த எல்லைக்குள் பொருளைத் தூக்கிச் செல்லலாம் என்ற வடிவியல். படம் வரையாமல் படித்தால் ஒன்றும் நிற்காது. யெபாமோத்தில், பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனின் மனைவியை மணப்பது பற்றிய சட்டத்தில், உறவுமுறைகள் சிக்கலாகிக்கொண்டே போகும். அத்தை மகள், மாமன் மகள் என்று முறை சொல்லி வளர்ந்த நமக்கே தலை சுற்றும். ஐந்தாவது பிரிவில், ஆறாம் ஆண்டு வாக்கில், கி.பி. 70-லிருந்து இல்லாத ஓர் ஆலயத்தின் பலிமுறைகளை மாதக்கணக்கில் படிக்க வேண்டும். ஷபீரோ அனாதையாகக் கிடக்கிறது என்று கவலைப்பட்ட பகுதி இதுதான். அது ஏன் அனாதையானது என்பது படித்தால் புரியும். கின்னீம் என்ற குட்டித் தொகுதி பலிக்கு விட்ட பறவைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எத்தனை செல்லும் என்ற கணக்குப் புதிர். முதல் சுற்றில் அதை முட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இந்த வறட்சிக்கு நடுவில் எதிர்பாராத இடங்களில் பரிசு கிடைக்கும். பெராகோத் 36-ஆம் ஏட்டில் மிளகை உண்ணுமுன் இறைவனுக்கு எந்த வாழ்த்துரை சொல்ல வேண்டும் என்ற விவாதம் வரும், கூடவே இந்தியர்களின் தேசத்திலிருந்து வரும் இஞ்சிப் பாகுக்கும் தீர்ப்பு வரும். பாபிலோனில் இருந்த அறிஞர்கள் இந்தியாவின் இஞ்சிப் பாகைச் சாப்பிட்டுக்கொண்டே வாதாடியிருக்கிறார்கள். கித்துஷீன் 22-இல் இந்தியாக்காரரான ரவ் யெஹூதா என்று ஒருவரே வந்துபோகிறார், மதம் மாறியவர், வாரிசு இல்லாதவர். சட்டத்துக்கு நடுவே மருத்துவம், பேய், கனவுப் பலன், கேலி, வசவு எல்லாம் வரும். எதையும் வடிகட்டாமல் வைத்திருப்பதால்தான் தினமும் திறக்க ஆசை வருகிறது.

இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர்கள் உள்ளேயே உண்டு. பெரிய கல்விக்கூடங்களில் ஒரு பருவம் முழுக்க இருபது முப்பது ஏடுதான் போவார்கள். ஒரு வரிக்கு ஒரு வாரம்கூட ஆகும். அவர்கள் பார்வையில் நாளுக்கு ஓர் ஏடு என்பது ரயில் ஜன்னல் வழியாக ஊர் பார்ப்பது. மறந்துவிடும் என்பதும் உண்மை. பின்னால் வரும் கித்தீன் தொகுதியைப் படிக்கும்போது பெராகோத் பெரும்பாலும் போயிருக்கும். ஹகீகா 9-ஆம் ஏட்டில் ஹில்லேல் என்ற அறிஞர், ஒரு பாடத்தை நூறு முறை படித்தவனும் நூற்றொரு முறை படித்தவனும் சமமில்லை என்கிறார். வெறும் ஒருமுறைக்கா இவ்வளவு என்று கேட்டதற்கு, கழுதைக்காரர் சந்தைக்குப் போய்ப் பார் என்கிறார்: பத்து பர்சா தூரத்துக்கு ஒரு சூஸ் காசு, பதினோரு பர்சா என்றால் இரண்டு சூஸ். ஒரே முறை படித்துவிட்டு ஓடுகிறவரிடம் இந்தக் கழுதைக்காரர் என்ன கூலி கேட்பாரோ! நினைவில் நிற்க வேண்டும், ஆழம் வேண்டும் என்பவர் நாளுக்கு ஒரே ஒரு பக்கம் போகலாம், அதற்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. இல்லையென்றால் மிஷ்னாவை மட்டும் நாளுக்கு இரண்டு பத்தி என்று படிக்கும் திட்டம் உண்டு. எபிரேயம் குறைவாக உள்ளவருக்கு அதுவே நல்ல முன்பயிற்சி.

மறதிக்கு மரபு வைத்திருக்கும் பதில் வேறு மாதிரி. ஒரு தொகுதி முடிந்ததும் ஹத்ரான் என்ற சிறு உரையைச் சொல்வார்கள். தொகுதியின் பெயரைச் சொல்லி, "நாங்கள் உன்னிடம் திரும்பி வருவோம், நீ எங்களிடம் திரும்பி வருவாய், எங்கள் நினைவு உன்மேல், உன் நினைவு எங்கள்மேல்" என்று அந்தப் புத்தகத்தோடு பேசுவார்கள். கூடவே தல்மூத் அறிஞரான ரவ் பாப்பாவின் பத்து மகன்களின் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். பிறகு சாப்பாடு. இந்த முடிப்பு விழா, சியூம், வெறும் அலங்காரம் இல்லை. பாஸ்காவுக்கு முந்தைய நாள் தலைப்பிள்ளைகள் நோன்பிருக்க வேண்டும். அன்று காலை ஒரு சியூமில் பங்கேற்றால் நோன்பை விட்டுவிடலாம். அதனால் அன்றைக்கு முடிக்கிற மாதிரி ஒரு தொகுதியைக் கையில் வைத்திருப்பவருக்கு ஊரில் மரியாதை.

பெண்கள் பற்றியும் கேட்பார்கள். மரபான சமூகங்களில் தல்மூத் நெடுங்காலம் ஆண்களின் படிப்பாகவே இருந்தது. சோத்தா தொகுதியில் மகளுக்குத் தோரா கற்பிப்பது கடமை என்று பென் அஸ்ஸாயும், கூடாது என்று ரபி எலியேசரும் மோதுவார்கள்; நடைமுறையில் எலியேசரின் பக்கமே நெடுங்காலம் ஜெயித்தது. நிலைமை இன்று வேகமாக மாறிவிட்டது. இஸ்ரேலின் ரானானாவில் மிஷெல் கோஹன் ஃபார்பர் தினமும் நடத்தும் வகுப்பு ஒலிப்பதிவாக உலகம் முழுக்கப் போகிறது. அவர் நிறுவிய ஹத்ரான் அமைப்பு 2020 ஜனவரி 5 அன்று எருசலேமில் நடத்திய பெண்களின் முடிப்பு விழாவுக்கு 3,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

யூதர் அல்லாதவர் படிக்கலாமா என்பதும் இங்கே எழும். சன்ஹெத்ரீன் 59-ஆம் ஏட்டில் ரபி யோஹனான் மிகக் கடுமையாக, படிக்கவே கூடாது என்கிறார். அதற்குச் சில வரிகள் கழித்தே, படிக்கும் வேற்றினத்தவர் பிரதான ஆசாரியருக்குச் சமம் என்ற ரபி மெயிரின் கூற்றைக் கெமாரா எதிரே நிறுத்துகிறது. பிறகு இரண்டையும் சமரசம் செய்கிறது. முதல் வரியை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புகிறவர்கள் இணையத்தில் நிறைய. யாராவது "தல்மூத் இப்படிச் சொல்கிறது" என்று ஒரு வரியைக் காட்டினால், தல்மூதில் யார் சொன்னது, அடுத்து யார் மறுத்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

எப்போது தொடங்குவது? அடுத்த சுற்று, பதினான்காவது, 2027 ஜூன் 8, செவ்வாய்க்கிழமை பெராகோத்தில் தொடங்குகிறது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சிறிய தொகுதி ஒன்றைத் தனியாக முடித்துப் பாருங்கள்: தானீத் 31-ஆம் ஏட்டிலும் மெகில்லா 32-ஆம் ஏட்டிலும் முடியும், இரண்டிலும் கதை அதிகம். சட்ட விவாதத்தின் சுவை வேண்டுமென்றால் பாவா மெசியாவின் இரண்டாம் அத்தியாயம், கண்டெடுத்த பொருட்கள் பற்றியது. யூதச் சிறுவர்களுக்குக் கெமாராவை வழக்கமாக அங்கிருந்துதான் தொடங்கிவைப்பார்கள். தொலைத்தவனுக்குத் தான் தொலைத்ததே இன்னும் தெரியாது. தெரிந்தால் நம்பிக்கை இழந்துவிடுவான். அந்தப் பொருளை இப்போதே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்கிறார் அபாயே, கூடும் என்கிறார் ராவா. இருவரும் ஏடுகணக்கில் மோதுகிறார்கள். பொதுவாக ராவாதான் ஜெயிப்பார், இங்கே ஜெயிப்பது அபாயே. அந்தச் சண்டையைக் கடைசிவரை பின்தொடர்ந்துவிட்டு, மறுநாளும் புத்தகத்தைத் திறக்கத் தோன்றினால் ஜூன் 8-க்குப் பெயர் கொடுங்கள். தோன்றாவிட்டால் மிஷ்னாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் குறைந்த படிப்பு இல்லை.